கடைசிப் பொருள் சேவல்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: பொருளாளர், கிட்டார்காரன், ஞாயிறு பள்ளி டீச்சர், பக்கத்து அறையில் கறிபாப் தின்றுகொண்டே காது கொடுத்துக்கொண்டிருந்த பாஸ்டர். வராதவன்: நான்.

எங்கள் சபையைத் தெரிந்தவர்களுக்கு இது போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கிள்ளானில் இருக்கும் எங்கள் சின்னத் தமிழ்த் திருச்சபையின் வாலிபர் ஐக்கியத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு வழக்கம் உண்டு. வந்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்பார்கள். ஒருவருக்கு ஷிப்ட் வேலை, ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்கு முதுகு வலி. எல்லாரும் மறுத்துவிடுவார்கள். வராதவனால் மறுக்க முடியாதல்லவா? ஆகவே அவன் தலைவன். ஜெபித்து முடித்துவிடுவார்கள்.

நான் அன்று பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை முடித்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். சரியான மழை. ரயில் ஊர்ந்தது. ஷா ஆலம் தாண்டியபோது போன் துடித்தது. "வாழ்த்துகள் தலைவரே" என்று கிட்டார்காரன். அதன் கீழே வரிசையாகக் கைதட்டும் கைகள். அதற்கும் கீழே பொருளாளர்: "இனிமே லேட்டா வராதீங்க."

பயந்திருக்க வேண்டும். நான் நின்றுகொண்டிருந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மலாய் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் தலைவராக இருந்ததில்லை. அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் பரம்பரையிலேயே பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள் நான். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அப்பா எழுந்து போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"தலைவர்னா மைக்கெல்லாம் கொடுப்பாங்களா?"

"கொடுப்பாங்கப்பா."

"அப்ப சரி."

மறுநாள் பண்டமாரானில் எங்கள் புளோக் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இரண்டு மாடிக்குக் கீழே கிட்டார்காரனின் அம்மா இருக்கிறார். காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்பவர். அப்பாவுக்கும் அவருக்கும் நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே வாய்ச்சண்டை, விளையாட்டுக்குத்தான். அவர் பொட்டலம் கட்டியபடியே கேட்டார்: "அண்ணே, உங்க மவன் தலைவராமே? என் மவன்தான் அன்னைக்கு முதுகு வலின்னு சொல்லி விட்டுக் கொடுத்தான், தெரியும்ல?"

அப்பா அன்று வழக்கமான இரண்டு பொட்டலம் வாங்காமல் ஒன்றோடு வந்துவிட்டார்.

பதவி ஏற்ற முதல் வாரமே கமிட்டி சேர்மன் அங்கிள் எங்கள் நால்வரையும் சபை வேனுக்கு முன்னால் நிற்க வைத்தார். வெள்ளை வேன். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது என்று சொல்ல வேண்டும். ஞாயிறு தோறும் பண்டமாரான் அடுக்குமாடிகளிலும் காப்பார் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் நின்று நின்று பிள்ளைகளை ஏற்றிவரும். அப்பா அம்மாவுக்கு ஞாயிறும் வேலை இருக்கும் பிள்ளைகள். வேன் இருந்தால்தான் ஞாயிறு பள்ளி.

"கியர்பாக்ஸ் போச்சு" என்றார் அங்கிள். "நாலாவது கியர் போட்டா ரெண்டாவது விழுது. ரெண்டாவது போட்டா சத்தம் மட்டும்தான் விழுது. கமிட்டி பேசியாச்சு. வித்துடலாம்."

டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. வார நாளில் பாலர் பள்ளியில் வேலை பார்ப்பவர், அந்தப் பிள்ளைகளின் பெயர்களை உறங்கும்போது கேட்டாலும் சொல்வார். "வேன் இல்லாட்டி எங்க கிளாஸ்ல ரெண்டே பேருதான் அங்கிள். அதுல ஒண்ணு பாஸ்டர் மகன்."

"பழைய பார்ட்ஸ் விக்கிற ஹாஃப்-கட் கடையில கேட்டேன். பழைய கியர்பாக்ஸ், கூலியோட ஆயிரத்து நானூறு. ஆண்கள் ஐக்கியம் தொள்ளாயிரம் போடும். மீதி ஐநூறு நீங்க கொண்டு வாங்க. அறுப்பின் பண்டிகை ஏலத்துல கடைசிப் பொருள் உங்களுது. அதுல வர்றது வேனுக்கு. வரலையா, வேன் போயிடும்."

எங்கள் ஏலத்தில் கடைசிப் பொருள் எப்போதும் சேவல். அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைப்பார்கள். அடுக்குமாடியில் என்ன விளையும்? தொட்டி மிளகாய் விளையும். ஆராதனை முடிந்ததும் பூசணி, வாழைத்தார், தேங்காய், கேக் எல்லாம் மண்டபத்தில் ஏலத்துக்குப் போகும். கடைசியில் காப்பார்க்காரர் ஒருவர் வளர்த்த சேவல். அது எந்த வருஷமும் இருநூறு ரிங்கிட்டைத் தாண்டியதில்லை.

கிட்டார்காரன் வேனின் மேல் சாய்ந்தான். கதவுக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. "ஓகே லா போஸ்" என்றான் என்னிடம், அதை நீட்டியபடி. "தலைவர் பாத்துக்குவார்."

பாஸ்டர் என் நிலைமையைப் பார்த்து, செராஸில் ஒரு பெரிய சபை நடத்திய ஒரு நாள் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். ஏர்கான் அறை, கழுத்தில் தொங்க ஓர் அட்டை, ஆளுக்கொரு பேனா. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன், பேச்சாளர் இருமியதைத் தவிர. அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் மனதில் ஆணியடித்தது போல் இறங்கிவிட்டன. ஒன்று, சபையில் வேலை கொடுக்கும்போது இலக்கைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். இன்னொன்று, ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுங்கள். இந்தக் காரியம் உங்களை நம்பித்தான் இருக்கிறது என்று அவர் உணரட்டும்.

திரும்பி வரும் வழியெல்லாம் தரையில் கால் படவில்லை. மோசே மலையிலிருந்து இறங்கியபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் கையில் கற்பலகை, என் கையில் இலவசப் பேனா.

இங்கே எங்கள் ஏலத்தின் இன்னொரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். 'ஏத்தி விடுறது' என்போம். ஏலம் மந்தமானால் பொருள் வேண்டாதவரும் கை தூக்கி விலையை ஏற்றிவிடலாம், நல்ல காரியம்தானே. பாஸ்டருக்கும் தெரியும், சேர்மனுக்கும் தெரியும். ஒரே ஒரு விதி: ஏற்றிவிட்டவர் தலையிலேயே பொருள் விழுந்தால் முனகாமல் காசைக் கட்ட வேண்டும்.

நான் வேலையை ஆரம்பித்தேன். முதலில் கிட்டார்காரன். போர்ட் கிள்ளானில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்தவனைத் தே தாரிக் டீக்கடையில் பிடித்தேன்.

"சேவல் ஐநூறுக்குக் கீழ போகக் கூடாது. இது உன்னை நம்பித்தான் இருக்கு."

அவன் கண்ணாடிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டான். "என்னையா?"

"உன்னை மட்டும்தான்."

"எப்படிச் செய்யணும்?"

"அது உன் இஷ்டம்."

அவன் நெஞ்சில் கை வைத்தான். இத்தனை வருஷத்தில் அவனை நம்பி யாரும் ஒரு குடைகூடக் கொடுத்ததில்லை.

அடுத்து பொருளாளர். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கும் பெண். ஞாயிறு காலை காணிக்கையை எண்ணும்போது அவர் முகத்தைப் பார்த்தால் ரிங்கிட் நோட்டுகளே நேராகி நிற்கும். ரயிலில் அவரிடம் அதே வார்த்தைகளைச் சொன்னேன். "ஐநூறுக்குக் கீழ போகக் கூடாது. உங்களை நம்பித்தான்."

"காசு? நம்ம கேம்ப் காசைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்." போர்ட்டிக்சன் கடற்கரை முகாமுக்காக இரண்டு வருஷமாகக் கேக் விற்றும் கார் கழுவியும் நாங்கள் சேர்த்த பணம் அவர் பொறுப்பில் இருந்தது.

"தொட மாட்டோம்."

கடைசியாக டீச்சரிடம் போனில் அதையே சொன்னேன். அவர் அழுதுவிட்டார். தலைமைத்துவம் இவ்வளவு எளிதா என்று வியந்துகொண்டே உறங்கிப்போனேன்.

மூன்று பேரிடமும் விலையின் தரையைச் சொன்னேன். கூரையைச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவில்லை.

பண்டிகை நாள். பூசணி போனது, வாழைத்தார் போனது, ஒரு கேக் மட்டும் எண்பதுக்குப் போனது. மைக் என் கையில். கிட்டார்காரன் மேடையில் ஏலத்துக்கு ஏற்றமாதிரி தாளம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான். டீச்சர் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்தார். செம்பொன் நிறம், பச்சை வால், யாரையும் மதிக்காத பார்வை.

"சேவல்! ஐம்பது ரிங்கிட்டில் ஆரம்பம்!"

"நூறு" என்றது ஒரு குரல். பாஸ்டர்! சபை ஓவென்று சிரித்தது. டீச்சர் சேவலின் முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டார். கையில் சேவலை வைத்துக்கொண்டு தானே கை தூக்க முடியாதென்று அவர் பாஸ்டரைப் பிடித்திருந்தது எனக்குத் தெரியாது.

"நூத்தம்பது." கிட்டார்காரனின் அம்மா, நாசி லெமாக் ஆன்டி.

"இருநூறு." மூன்றாவது வரிசையில் ஒரு கை. சட்டையின் கைமடிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா.

நான் மைக்கைக் கீழே போட்டிருப்பேன். பார்க்கிங் ஐம்பது காசுக்காக மூன்று தெரு தள்ளி லோரியை நிறுத்திவிட்டு நடந்து வருபவர். தேவனுடைய கிருபை என் தகப்பன்மேல் இறங்கிவிட்டது என்றே நம்பினேன்.

பாஸ்டர் ஐநூறு வரை வந்தார். ஐநூறு சொன்னதும் கடமை முடிந்தவர் போல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேன் தப்பித்தது! எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. "ஐநூறு ஒரு தரம்!" என்று கத்தினேன்.

"ஐநூத்தம்பது" என்றார் அப்பா.

"அறநூறு" என்றார் ஆன்டி, அவரைத் திரும்பிப் பார்த்து. "என்னண்ணே, வீட்ல ஒரு வாரமா சாம்பாரா?"

"எழுநூறு. நீங்க நாசி லெமாக்ல நெத்திலிக்குப் பதிலா சேவலா வைக்கப் போறீங்க?"

"எண்ணூறு. வச்சாலும் உங்களுக்குக் கடன் கிடையாது."

மண்டபம் எழுந்து நின்றுவிட்டது. "ஏறட்டும்! ஏறட்டும்!" என்று பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறினார்கள். ஒவ்வொரு விலைக்கும் சேவல் ஒரு தடவை கூவியது. ஆயிரம் ரிங்கிட் என்று ஆன்டி சொன்னபோது ஒரு நொடி எல்லாரும் வாயை மூடினோம், சேவல் உட்பட. பிறகு கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், மைக் வயர் காலில் சுற்றிக்கொண்டது.

பிற்பாடு ஒவ்வொருவராகச் சொன்னதை வைத்துத்தான் நடந்தது புரிந்தது. தானே ஏலம் கேட்டால் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும் என்று பொருளாளர் என் அப்பாவிடம் போயிருக்கிறார்: "அங்கிள், விடாம கேளுங்க, மத்ததை நாங்க பாத்துக்குறோம்." மேடையில் வாசிக்கிறவன் கை தூக்க முடியாதென்று கிட்டார்காரன் அம்மாவிடம் போயிருக்கிறான்: "என் தலை ஆடிட்டிருக்கிற வரைக்கும் விடாதீங்கம்மா." ஆனால் கிட்டார் வாசிக்கும்போது அவன் தலை எப்போது ஆடாமல் இருந்திருக்கிறது?

அப்பா ஆயிரத்து நூறுக்குப் போனார். ஆன்டி மகனைப் பார்த்தார். தலை ஆடியது. "ஆயிரத்து இருநூறு!"

அப்பா பொருளாளரைப் பார்த்தார். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பொண்ணு ஜெபிக்குது என்று அப்பா நினைத்துவிட்டார். "ஆயிரத்து முந்நூறு!"

தலை ஆடியது. "ஆயிரத்து நானூறு!"

"ஆயிரத்து நானூத்தி... அறுபது!" அப்பாவின் குரல் அந்த அறுபதில் உடைந்தது.

ஆன்டி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கிட்டாரில் ஒரு கம்பி டங்கென்று அறுந்தது. வாசிப்பு நின்றது. தலையும் நின்றது. ஆன்டி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

கைதட்டல் அடங்கும் முன்பே அப்பா சேவலை அணைத்தபடி என் பக்கத்தில் வந்துவிட்டார். உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"டேய், காசு யார்ரா கட்டுறது?"

"நீங்கதானேப்பா கேட்டீங்க?"

"நான் எங்கடா கேட்டேன்? அந்தப் பொண்ணு கேக்கச் சொல்லிச்சு!"

யார் காதிலும் விழாமல் பேச எங்களுக்குக் கிடைத்த ஒரே இடம் வேன். நான், அப்பா, பொருளாளர், கிட்டார்காரன், ஆன்டி, டீச்சர், சேவல். ஜன்னல் இறங்கவில்லை, வேர்த்துக் கொட்டியது.

"நீங்க என்னை மட்டும்தான் நம்பினதா சொன்னீங்க" என்றார் பொருளாளர்.

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னான்" என்றான் கிட்டார்காரன்.

"என்கிட்டயும்" என்றார் டீச்சர். "நான் அழுதேன் வேற."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் செராஸ் பயிற்சியில் கொடுத்த பேனாவைப் பார்த்தேன்.

யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். சேர்மன் அங்கிள், முகமெல்லாம் பல். "பிரமாதம் தம்பி! நாங்க போடுறோம்னது குறையுற காசுக்குத்தானே? இப்ப குறையே இல்லையே. எங்க தொள்ளாயிரத்தைச் சபைக் கழிவறைக்குப் போட்டுக்குறோம். அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை கட்டினாப் போதும்!" சேவலுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ஏலம் தப்பு என்று போய்ச் சொன்னால் சேவலும் திரும்பிவிடும், வேனும் போய்விடும். சொல்லாவிட்டால் காசு அப்பா தலையில். அவருடைய மாதச் சம்பளத்தில் பாதி.

"நான் கட்டுறேன்" என்றார் அப்பா. சேவலின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஓவர்டைம் சேத்து ஓட்டுனா மூணு மாசத்துல முடியும். தலைவரோட அப்பா கேட்டுட்டுக் கட்டலைன்னு ஒரு பேச்சு வரக் கூடாது."

அதுவரை பொங்கிக்கொண்டிருந்த எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று அமர்ந்தது. ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசும் ஆசை அந்த நிமிஷத்தோடு போய்விட்டது. "இல்லப்பா" என்றேன். "ஐநூறுன்னு உங்க எல்லாரையும் ஒண்ணா உட்கார வச்சுச் சொல்லியிருக்கணும். எவ்வளவுல நிறுத்தணும்னும் சொல்லியிருக்கணும். இப்ப எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

பொருளாளர் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு சொன்னார்: "கேம்ப் காசு ஆயிரத்து ஐநூத்திப் பன்னெண்டு இருக்கு."

"தொடக் கூடாதுன்னு சொன்னீங்க."

"நான் சொல்றேன், தொடலாம்."

"நான் தொப்பி வாங்கிட்டேன்" என்றார் டீச்சர், சின்னக் குரலில். "கடற்கரைக்குன்னு. பூப் போட்டது."

முதலில் ஆன்டிதான் சிரித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அப்பாவுக்குத் தொற்றியது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. எங்கள் சபை எங்கள் சபையிடமே ஏலம் கேட்டு, எங்கள் காசை எங்களுக்கே கட்டி, எங்கள் வேனை எங்களிடமிருந்தே மீட்டிருக்கிறது! வேன் குலுங்கியது. கிட்டார்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "யாருக்காவது மறுப்பு இருக்கா?"

சேவல் கூவியது.

"மறுப்பு கேட்டாச்சு, மத்தவங்க எல்லாம் சம்மதம்" என்றார் பொருளாளர்.

கியர்பாக்ஸ் மாற்றியாயிற்று. மேலே இருந்த அறுபதில் எஞ்சின் ஆயிலும் கதவுக்கு ஒரு கைப்பிடியும். நாலாவது கியர் போட்டால் நாலாவதே விழுகிறது. அதை முதன்முதலில் போட்டபோது பின்னால் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். போர்ட்டிக்சன் இல்லையென்றாகிவிட்டதால் ஒரு சனிக்கிழமை எல்லாரும் அதே வேனில் மோரிப் கடற்கரைக்குப் போனோம். ஆன்டி நாசி லெமாக் கொண்டுவந்தார். அப்பாவின் பொட்டலத்தில் மட்டும் ஒரு கோழிக்கால் அதிகம். டீச்சர் பூப் போட்ட தொப்பியைப் போட்டுக்கொண்டார், காற்று அதைக் கடலுக்குள் கொண்டுபோனது, கிட்டார்காரன் பேண்ட்டோடு ஓடிப்போய் எடுத்து வந்தான்.

சேவலை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அந்த விலைக் கறியை எந்தக் குழம்பில் போடுவது? பாசாரில் ஒரு கூண்டு வாங்கிச் சபைக்குப் பின்னால் வைத்தோம். பாஸ்டர் பிரசங்கத்தில் சேவல் கூவுமுன் பேதுரு இயேசுவை மறுதலித்த இடம் வரும்போதெல்லாம் சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இதுவரை ஒரே ஒரு தடவைதான் சரியான நேரத்தில் கூவியிருக்கிறது. அன்று ஆராதனை முடிய வெகு நேரம் ஆனது.

இந்த வருஷம் மறுபடி தலைவர் தேர்தல். அழைப்பில் சொன்ன நேரத்துக்கு முன்பே எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், முதுகு வலிக்காரர்கள்கூட. வராதவர்: யாருமில்லை. வழக்கம் அங்கேயே செத்தது. பிறகு, எங்கள் ஐக்கியத்தில் அதுவரை யாரும் கேட்டிராத கேள்வியைப் பொருளாளர் கேட்டார்: "யாருக்கு விருப்பம்?"

நான் கை தூக்கினேன். ஏலத்தில் அப்பா தூக்கியது போலவே, கைமடிப்போடு.

"ஏத்தி விட யாராவது இருக்கீங்களா?" என்றான் கிட்டார்காரன். யாருமில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். என் தலையிலேயே விழுந்தது.

அடுத்து வருஷக் கணக்கு. பொருளாளர் எழுந்து நின்று, சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசித்தார். சேவல், ஆயிரத்து நானூற்று அறுபது. கூண்டு, முப்பத்தெட்டு. மொத்தம், ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு ரிங்கிட்.